ஆலன் கீயும் அரமும்: பெங்களூரு வீட்டுக் கருவிப்பெட்டியின் சொல் வரலாறு

பெங்களூரு எஸ்.பி. சாலையின் இரும்புக் கடைகளில் வீட்டுக்கென ஒரு கருவிப்பெட்டி நிரப்ப வருபவர் இருவேறு சொற்றொகுதிகளைப் புழங்க வேண்டியிருக்கிறது. சுத்தியல், உளி, அரம் என்று தமிழில் கேட்டாலும் கன்னடக் கடைக்காரருக்குப் பொருள் விளங்கிவிடும். கன்னடத்தில் அவை சுத்திகெ, உளி, அர. இரு மொழிகளுக்கும் பொதுவான பழஞ்சொற்கள் இவை. அரத்தைத் திருக்குறளே உவமையாக எடுத்தாள்கிறது. தட்டுவது, வெட்டுவது, தேய்ப்பது ஆகிய தொழில்களுக்குரிய பெயர்கள் இப்படி மண்ணிலேயே கிடைக்கின்றன.

திருகும் கருவிகளிடம் வந்தவுடன் நிலைமை மாறுகிறது. திருகாணி இந்நாட்டில் பரவலானது ஐரோப்பியத் தொடர்புக்குப் பின்னரே. அதற்கான கருவிகளுள் ஒன்றுக்கு மட்டும் தமிழ் தன் பழைய சரக்கிலிருந்து பெயர் சமைத்துக்கொண்டது: திருப்பு, உளி ஆகிய இரண்டும் இணைந்து திருப்புளி. இழைப்புளியில் மெய்யாகவே ஓர் அலகு உண்டு. திருப்புளியோ எதையும் வெட்டுவதில்லை. தட்டை முனையின் தோற்றம் ஒன்றே அதை உளியாக்கியது. ஏனையவை ஸ்பானர், ரென்ச், ஆலன் கீ என்று ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டன.

அவற்றுள் சில, மனிதர்களின் பெயர்கள். டேனியல் ஸ்டில்சன் குழாய் திருகும் ரென்ச்சுக்குக் காப்புரிமை பெற்றது 1869இல். வில்லியம் ஆலனின் அறுகோணக் குழித் திருகாணிக்குக் காப்புரிமை கிடைத்தது 1910இல்; அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் அவர் நடத்திய நிறுவனத்தின் பெயரே உலகெங்கும் அக்கருவியின் பெயராயிற்று. 1930களில் பரவிய பிலிப்ஸ் தலைக்கு மட்டும் இந்தியக் கடைகளில் அந்த மரியாதை கிட்டவில்லை. அது இங்கே 'ஸ்டார்'. நாற்கரக் குழியை விண்மீனாகக் கண்ட கண் எவருடையதோ, அவர் செய்தது நல்ல மொழிச்செயல்தான். கம்பியைப் பிடிக்கவும் வளைக்கவும் நறுக்கவும் உதவும் குறடு, நறுக்கும் தொழில் ஒன்றை மட்டும் முன்னிறுத்திக் 'கட்டிங் பிளேயர்' ஆனதும் இவ்வகையே. ஆங்கில அகராதியைப் பார்த்து இவற்றைப் பிழை என்று ஒதுக்குவோர், பெயரிடுதல் எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் காணத் தவறுகின்றனர்.

இச்சொற்கள் வீட்டை அடைந்த வழியைத் தேட பெங்களூரு பொருத்தமான இடம். 1940இல் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட், 1948இல் ஐ.டி.ஐ., 1953இல் ஹெச்.எம்.டி., 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்று பெருந்தொழிற்சாலைகள் அடுத்தடுத்து இந்நகரில் எழுந்தன. தமிழ்ப் பேச்சாளர் பலரும் அவற்றின் தொழிலாளரானார்கள். ஜாலஹள்ளியில் ஹெச்.எம்.டி., சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தின் கூட்டுறவோடு கடைசல் இயந்திரங்களைச் செய்தது. கருவி செய்யும் கருவியையே செய்த அந்நிறுவனம் வீடுகளுக்குள் புகழோடு நுழைந்தது 1961இல், கைக்கடிகாரமாக. வீட்டுக் குறடோ வேறு ஊரிலிருந்து வந்தது: நாசிக்கின் டபாரியா நிறுவனம் ஒரு சுவீடன் நிறுவனத்தின் தொழில்நுட்பக் கூட்டுறவோடு 1969இல் கைக்கருவி உற்பத்தியைத் தொடங்கியது. 'டபாரியா கொடுங்கள்' என்று கேட்பவர் கருவியின் பெயரையே சொல்லாமல் விட்டுவிடுவதும் உண்டு. தொழிற்கூடத்தில் பழகிய பெயரைத் தொழிலாளர் வீட்டுக்கும் கொண்டு வந்தனர் என்று ஊகிக்க இடமிருக்கிறது.

வணிகப்பெயருக்கு இந்தப் பிடிப்பு வந்ததற்குக் காரணம் உலோகத்தில் இருக்கிறது. குறட்டின் வெட்டுவாய் கம்பியைவிடக் கடினமாக இருக்க வேண்டும். உடலோ நொறுங்காத உறுதியோடு இருக்க வேண்டும். ஒரே எஃகில் இவ்விரண்டையும் தருவது காய்ச்சி அடித்தலும் வெப்பப் பதப்படுத்தலும். வாங்குபவரின் கண்ணுக்கு இது தெரியாது. தாடைகளை மூடி வெளிச்சத்தில் பிடித்து இடைவெளி பார்க்கலாம், மூட்டு ஆடுகிறதா என்று அசைத்துப் பார்க்கலாம். அதற்குமேல் பெயரை நம்புவதே வழி. மலிவான திருப்புளியின் முனை முறுக்கிக்கொண்டால் இழப்பு திருப்புளியோடு நிற்பதில்லை. திருகாணியின் தலையும் தேய்ந்து, கழற்ற முடியாதபடி கதவிலேயே தங்கிவிடும். போலிகள் புகழ்பெற்ற பெயரின் ஓரெழுத்தைத் திரித்து உலவுவதும் இதனால்தான். 1947இல் தொடங்கிய இந்தியத் தர நிறுவனம் 1987இல் இந்தியத் தர அமைவனமாக மாறியது. கடைகளில் அதன் முத்திரை இன்றும் 'ஐ.எஸ்.ஐ.'தான். பெயர் மாறியும் நம்பிக்கை பழைய ஒலியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆலன் கீ நெடுங்காலம் பட்டறைச் சொல். கடைசல் இயந்திரத்தின் திருகாணிகளை இறுக்கியவருக்கு அது அன்றாடப் பொருள்; வீட்டுக் கதவுக்கும் மின்விசிறிக்கும் அது தேவைப்படவில்லை. 2022 ஜூனில் நாகசந்திராவில் ஐக்கியா கடை திறந்தது. பழைய ஜாலஹள்ளித் தொழிற்பகுதியிலிருந்து அது சில கிலோமீட்டர் தொலைவுதான். பிரித்து விற்கப்படும் அலமாரியை வாங்கியவர் தாமே பூட்டிக்கொள்ள வேண்டும். அதற்கான வளைந்த அறுகோணக் கம்பி பெட்டியிலேயே வருகிறது. கலைச்சொல் ஆக்குவோர் அதை 'அறுகோணச் சாவி' எனலாம், தெளிவான சொல்தான். ஆனால் உடன் வரும் கையேடு படங்களால் மட்டுமே ஆனது. அதில் கருவிக்கு எம்மொழியிலும் பெயர் இல்லை. அலமாரியைப் பூட்ட உதவிக்கு வரும் தச்சரோ, அண்டை வீட்டு ஓய்வுபெற்ற தொழிலாளரோ அதைக் கையில் எடுத்ததும் 'ஆலன் கீ' என்கிறார். வீட்டிலுள்ள பிள்ளைகள் அப்பெயரை அங்கே கற்கின்றனர்.