கூப்பிட்டால் மட்டும் வரும் திருத்தம்

கமாண்டுகளை எழுத்தாக அடித்து இயக்கும் டெர்மினலில் வேலை செய்கிறவர்களுக்குக் கை தவறும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கின்றன. ‘எல்எஸ்’ என்று அடிக்கப் போய் ‘எஸ்எல்’ என்று விழும். ‘ஜிஐடி’ என்பது ‘ஜிடிஐ’ ஆகும். ‘சிடி’க்குப் பின் இடம் விடாமல் இரண்டு புள்ளி ஒட்டிக்கொள்ளும். தென்காசிப் பக்கம் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு டெர்மினல் பழக்கிவிடுவது என் வேலை. கடையநல்லூர், சுரண்டை, பாவூர்சத்திரம், ஆய்க்குடி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறார்கள். இரண்டாவது வாரமே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “எக்கா, தப்பா அடிச்சாலும் அதுவே சரி பண்ணிருமாம்லா, அதப் போட்டுத் தாங்க.”

போட்டுத் தருகிறேன். கூடவே அந்தக் கருவிக்குப் பின்னால் இருக்கும் கதையையும் சொல்லிவிடுகிறேன். திருத்தம் என்பது நல்ல காரியம்தான். ஆனால் யார் கேட்டு, யார் அனுமதித்து, எதை வைத்துத் திருத்துகிறோம் என்பதில் தவறினால் அது பிழையைவிடப் பெரிய சேதம் செய்யும். கணினி உலகம் இதை அரை நூற்றாண்டாகக் கற்றுவருகிறது. எங்கள் ஊர் அதற்கும் முன்பிருந்தே கற்றிருக்கிறது.

கணினி பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கியபோது கமாண்டுகளைத் திரையில் அடிக்கவில்லை. டெலிடைப் என்னும் இயந்திரம் இருந்தது. விநாடிக்குப் பத்து எழுத்துதான் காகிதத்தில் அடிக்கும். சாவிகளை அழுத்த விரலில் பலம் வேண்டும். அதனால்தான் கமாண்டுகள் இரண்டு மூன்று எழுத்தாகச் சுருங்கின. கோப்பை அழிப்பதற்கு ‘ஆர்எம்’, நகர்த்துவதற்கு ‘எம்வி’. சுருங்கிய பெயர்கள் வேகத்தைக் கொடுத்தன. கூடவே ஓர் ஆபத்தையும் கொண்டுவந்தன. இரண்டெழுத்துப் பெயரில் ஓர் எழுத்து பிறழ்ந்தால் அது வேறொரு கமாண்டாகிவிட வாய்ப்பு உண்டு. யூனிக்ஸ் எதையும் திருப்பிக் கேட்காது. சொன்னதைச் செய்துவிட்டுப் பேசாமல் இருக்கும்.

தட்டச்சுப் பிழை எப்படி நேர்கிறது என்பதை எண்ணிப் பார்த்தவர் ஐபிஎம் நிறுவனத்தின் ஃபிரெட் டேமரா. 1964இல் வெளியான அவருடைய கட்டுரை, பிழைகளில் 80 சதவீதத்துக்கு மேல் நான்கே வகைக்குள் அடங்கிவிடுவதைக் காட்டியது: ஓர் எழுத்து விடுபடுவது, ஓர் எழுத்து கூடுவது, ஓர் எழுத்து மாறுவது, அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம் மாறுவது. மறு ஆண்டே மாஸ்கோவில் விளாதிமிர் லெவன்ஷ்டைன், ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை மாற்றம் தேவை என்று அளக்கும் முறையைக் கணிதமாக எழுதினார். இன்று போன் விசைப்பலகையிலும் தேடுபொறியிலும் ஓடும் திருத்தங்களுக்கு இந்த இரண்டும் அடிப்படை. தென்காசியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ‘ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப்’ அடித்துப் பழகியவள் நான். அங்கே மாஸ்டர் சிவப்பு மையில் சுழித்த பிழைகளை நினைத்துப் பார்த்தால் டேமரா சொன்ன நான்கு வகையும் அதில் இருக்கும். லோயர் பரீட்சையில் ஓர் எழுத்தின் மேலேயே இன்னோர் எழுத்தை அடித்து மறைத்தால் அதுவும் பிழைதான். அடித்தது அடித்ததுதான், தாள் மறக்காது.

பிழையைத் தானே திருத்தும் இயந்திரத்தை மனதார நம்பிச் செய்து பார்த்தவர் வாரன் டைட்டல்மன். 1960களின் பிற்பகுதியில் லிஸ்ப் மொழிச் சூழல் ஒன்றில் அவர் சேர்த்த வசதிக்கு ‘டிவிம்’ என்று பெயர். ‘நான் எண்ணியதைச் செய்’ என்ற ஆங்கிலச் சொற்றொடரின் முதலெழுத்துகள் அவை. 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்துக்கு அவர் போனபோது அதுவும் கூடப் போனது. எழுத்துப் பிழை கண்டால் அதுவே ஊகித்துத் திருத்தி, மேலே ஓடிவிடும். மனிதன் பெரிய விஷயத்தைச் சிந்திக்கட்டும், சில்லறைப் பிழைகளை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். இன்றைக்கும் எனக்கு அந்த எண்ணத்தின் மேல் மரியாதை உண்டு.

அந்த மையத்தில் நடந்ததாகக் கணினிக்காரர்கள் தலைமுறையாகச் சொல்லிவரும் சம்பவம் ஒன்று இருக்கிறது. அங்கே புழங்கிய எடிட்டர், பழைய நகல்களின் பெயர்க் கடைசியில் டாலர் குறியைச் சேர்த்து வைக்கும். இடம் போதாமல் போகவே ஒருவர், டாலரில் முடியும் எல்லாவற்றையும் அழிக்கும்படி கட்டளை கொடுத்தார். அப்படி ஒரு கோப்புகூட அன்று இல்லை. டிவிம் ஊகித்தது: ‘இவர் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லவே எண்ணியிருக்கிறார்.’ சொல்லிவிட்டு அழிக்கத் தொடங்கியது. அவர் பாதியில் நிறுத்துவதற்குள் போனது போனதுதான். டைட்டல்மனை நாற்காலியில் கட்டிவைத்து, அவர் கணினியில் அதே கட்டளையை இரண்டு முறை அடிக்கலாமா என்று தோன்றியதாகக் கோப்புகளை இழந்தவர் பிற்பாடு சொன்னாராம்.

இன்னொரு குறையும் டிவிம் மேல் சொல்லப்பட்டது. டைட்டல்மன் வழக்கமாகச் செய்கிற பிழைகளை அது அழகாகத் திருத்தும். மற்றவர்கள் செய்கிற பிழைகளில் தடுமாறும். செய்தவரின் விரல்கள்தாம் அதற்கு அளவுகோல்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம், தன் ரசனையையே அளவுகோலாக்கிய ஒருவர் வாழ்ந்த குற்றாலம் எனக்கு நினைவுக்கு வரும். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) கடைசிக் காலத்தை அங்கேதான் கழித்தார். திருநெல்வேலியில் அவர் வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’ தமிழ் ரசனைக்கே ஒரு பள்ளிக்கூடம். குற்றாலச் சாரலில் ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டுக்கு வந்து தங்குவார்கள். காலையில் அருவி, பிறகு கம்பன். ஒரு பாட்டை அவர் திரும்பத் திரும்பச் சொல்லி, எந்த அசையில் நின்று எந்த அசையில் ஓட வேண்டும் என்று காட்டியதைக் கேட்டவர்கள் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. புலவர்களிடம் மட்டும் கிடந்த கம்பனைச் சாதாரண வாசகன் கையில் கொண்டுவந்து கொடுத்தவர்களில் அவருக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவரே கம்பனைத் திருத்தவும் செய்தார். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் பெரும்பகுதி கம்பன் எழுதியதல்ல, பிற்காலத்தவர் நுழைத்தவை என்பது அவர் முடிவு. தாளம் இடறும் இடத்தை, பாவம் இறங்காத அடியை விலக்கினார். சில இடங்களில் சொல்லையே மாற்றி, இதுதான் கம்பன் வாக்காக இருக்க வேண்டும் என்று பதிப்பித்தார். ‘கம்பர் தரும் ராமாயணம்’ அப்படி வந்த நூல். ஏட்டுச் சான்று எங்கே என்று புலவர்கள் கொதித்தார்கள். அவருக்குச் சான்று அவருடைய காதுதான்.

அவர் பக்கம் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. பனையோலையில் எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை; புள்ளி ஓலையைக் கிழித்துவிடும். எகரக் குறிலுக்கும் ஏகார நெடிலுக்கும் ஒரே கொம்பு. ஒகரமும் ஓகாரமும் அப்படியே. காலும் ரகரமும் ஒரே உருவம். ஓலையில் இருப்பது ‘கா’வா, ‘கர’வா, ‘கர்’ரா? படிக்கிறவன்தான் முடிவு செய்ய வேண்டும். பெயர்த்து எழுதியவர் ஒவ்வொருவரும் ஊகித்தார். அந்த ஊகத்தின் மேல் அடுத்தவர் ஊகித்தார். ஆக, நம் கைக்கு வந்த கம்பன் பலமுறை தானாகத் திருத்தப்பட்டவன். ரசிகமணி அந்த ஊகங்களைக் கழித்து மூலத்துக்குப் போகப் பார்த்தார். போன வழியில் தன் ஊகத்தையும் சேர்த்துவிட்டார்.

அதே ஓலைகளோடு மல்லாடிய உ.வே. சாமிநாதையர் வேறு வழியில் போனார். 1887இல் வெளிவந்த சீவக சிந்தாமணி தொடங்கித் தன் பதிப்புகளில் பிரதிபேதங்களைக் குறித்துக்கொண்டு போனார். ஒரு பாடத்தை அவர் தேர்ந்தெடுத்தாலும் மற்ற ஏடுகளில் என்ன இருந்தது என்பது நமக்கும் தெரியும். அவர் முடிவு தவறென்று பட்டால் அவர் பக்கத்திலிருந்தே அதைத் திருப்பிவிடலாம். ரசிகமணியின் ரசனையை நான் நேசிக்கிறேன். பதிப்பு என்று வரும்போது ஐயர் பக்கம்தான் நிற்பேன். பிற்காலத்தில் கோவைக் கம்பன் கழகப் பதிப்பு, ஐயத்துக்குரிய பாடல்களை ‘மிகைப் பாடல்கள்’ என்று தனியே பிரித்து, ஆனால் அச்சிட்டே கொடுத்தது. கம்பன் பதிப்புகளில் அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

டெர்மினலும் மெல்ல, மறைக்காமல் காட்டும் அந்தப் பக்கம்தான் நகர்ந்தது. நாம் அடிப்பதை வாங்கி இயக்கும் நிரலை ஷெல் என்பார்கள்; டிசிஎஸ்எச் என்னும் ஷெல், பிழை கண்டால் ‘இதுவா?’ என்று கேட்கப் பழகியது. 1990இல் பிரின்ஸ்டனில் மாணவராக இருந்த பால் ஃபால்ஸ்டட் தொடங்கிய இசட்எஸ்எச் என்னும் ஷெல், நான்கு விடைகளைத் தந்தது: வேண்டாம், ஆகட்டும், நிறுத்து, நானே திருத்துகிறேன். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (‘ஜிஐடி’) 2008இல் தானாகத் திருத்தும் வசதியைச் சேர்த்தபோது ஒரு காத்திருப்பு நேரத்தை வைத்தது. அதைப் பத்தில் ஒரு விநாடிக் கணக்கில் கொடுக்க வேண்டும். ஒரு விநாடி என்று நினைத்து 1 போட்டவர்களுக்கு விரலை எடுக்கும் முன்பே கட்டளை ஓடிவிட்டது. பின்னாளில் கேட்டுச் செய்யும் அமைப்பும் அதில் வந்தது.

ஜப்பானில் டொயோடா மசாஷி 1993இல் எழுதிய சின்ன நிரல் திருத்தவே மறுக்கிறது. ‘எஸ்எல்’ என்று பிழையாக அடித்தால் திரையில் ஒரு நீராவி ரயில் புகை விட்டுக்கொண்டு இடதுபக்கம் போகும். அது கடந்து போகும் வரை காத்திருக்க வேண்டும். 1904இல் செங்கோட்டை வழியாக மலையேறிக் கொல்லம் போன மீட்டர் கேஜ் ரயிலைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கும்.

பிள்ளைகள் கேட்கும் கருவி 2015இல் வந்தது. விளாதிமிர் இயாகவ்லெவ் பைத்தானில் எழுதியது. அதன் பெயர் ஆங்கிலத்தில் கோபம் வந்தால் வாயில் வரும் வசவு. வகுப்பில் வேறு பெயர் வைத்துக்கொள்கிறோம், அதற்கும் அது இடம் தருகிறது. பிழையாக அடித்து, கணினி மறுத்த பிறகு, நாம் அந்தப் பெயரை அடித்தால் மட்டுமே அது எழுந்து வரும். முந்தைய கட்டளையையும் அதற்கு வந்த பிழைச் செய்தியையும் சேர்த்துப் பார்த்து, தன்னிடம் உள்ள விதிகளோடு பொருத்தி, ‘இதைச் சொன்னீர்களா?’ என்று ஒரு வரி காட்டும். என்டர் அடித்தால் ஓடும். அம்புக்குறியில் வேறு ஊகங்களுக்குப் போகலாம். கன்ட்ரோல்-சி அடித்தால் விலகிவிடும். ஒரு குறை உண்டு. வழக்கமான அமைப்பில், பிழைச் செய்தியை அறிவதற்காக முந்தைய கட்டளையை மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறது. பாதி வேலை முடித்துவிட்டுத் தோற்ற கட்டளை என்றால் அந்தப் பாதி இரண்டு முறை நடந்துவிடும்.

கூப்பிட்டால் வருகிற திருத்தம் என்பதுதான் அதன் பெருமை. டிவிம் கூப்பிடாமல் வந்தது. கம்பன் ரசிகமணியைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டவர் ஒருவர் எங்கள் ஊரிலேயே உண்டு. 1446இல் தென்காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கிய அரிகேசரி பராக்கிரம பாண்டியன், கோயிலில் பாட்டாகவே ஒரு வேண்டுகோளைப் பொறித்து வைத்தான். இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஏதாவது குறை நேர்ந்தால், அதை வந்து சீராக்கிக் காப்பவர் யாராயினும், உலகம் அறிய அவர்களைப் பணிகிறேன் என்கிறான். தன் கட்டடத்தைத் தொடும் உரிமையை முகம் தெரியாதவர்களுக்கு, முன்கூட்டியே, கல்லில் எழுதிக் கொடுத்த அரசன். அவன் கோபுரம் பிற்காலத்தில் சிதைந்து, தலைமுறைகளாக மொட்டைக் கோபுரமாக நின்றது. சிவந்தி ஆதித்தனார் முன்னின்று நடத்திய திருப்பணியில் ஒன்பது நிலைகளோடு மறுபடி எழுந்து 1990இல் குடமுழுக்குக் கண்டது. திருப்பணி செய்தவர்களுக்கு யாரிடமும் தனியாக அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

பயிற்சி அறைக் கணினிகளில் அந்தக் கருவியை நிறுவிக் கொடுக்கிறேன். கேட்காமலே ஓடும்படி மாற்றும் அமைப்பு அதில் உண்டு. அதைத் தொட விடுவதில்லை. காட்டும் வரியைக் கடைசி எழுத்து வரை வாய்விட்டுப் படித்த பிறகுதான் என்டர் அடிக்க வேண்டும் என்று முதல் மாதம் முழுவதும் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். வாடிக்கையாளரின் தரவு இருக்கும் சர்வர்களில் கருவியே கிடையாது. அங்கே கை தவறினால் ‘அப்படி ஒரு கமாண்ட் இல்லை’ என்று பதில் வரும். பார்த்து, மறுபடி அடிக்கிறார்கள்.