தரங்கம்பாடிக் கரையிலே

விடுமுறை நாளில் கடற்கரை ஊரைத் தேடிச் செல்வோர் விரும்புவன யாவை? அலையும் காற்றும், உலவுவதற்கு மணற்பரப்பும், மாலையில் அமர்வதற்கு ஒரு கல்லுமே அல்லவா? இவை யாவும் தரங்கம்பாடியில் உண்டு. ஆனால் இவற்றிற்காக மட்டும் ஒருவர் மயிலாடுதுறையிலிருந்து அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. பூம்புகார்க் கரையிலும் இவை கிடைக்கும். தரங்கம்பாடி நம்மை ஈர்ப்பது வேறொரு காரணத்தால். ஒரு சிறு துறைமுகம் பிறந்து, தழைத்து, ஓய்ந்த வரலாறு முழுவதையும் ஒரே மாலைப்பொழுதில் நடந்தே பார்த்துவிடக்கூடிய இடம் அது.

ஊருக்குள் நுழைவோரை 1792ஆம் ஆண்டில் கட்டிய வாயில் எதிர்கொள்கிறது. அதன் வழியே செல்லும் அரச வீதி நேரே கடலில் போய் முடிகிறது. தரங்கம் என்பது அலை. ஆகவே இது அலைகள் பாடும் ஊர் என்று வருவோர்க்கெல்லாம் சொல்வது வழக்கம். இனிய விளக்கந்தான். ஆனால் மாசிலாமணிநாதர் கோயிற் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்று குறிக்கிறது. ‘பாடி’ என்பது குடியிருப்பைக் குறிக்கும் பழஞ்சொல். பாட்டுக்கும் அதற்கும் உறவில்லை. அக்கோயில் 1306ஆம் ஆண்டில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. எனவே, ஐரோப்பியர் வந்த பின்னரே இங்கு ஊர் உண்டாயிற்று என்று எண்ணுவது பிழை.

டென்மார்க்கு நாட்டில் 1616இல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியது. அதன் கப்பல்கள் முதலில் நாடியது இலங்கையை. அங்கு எண்ணியது கைகூடவில்லை. முன்னதாக வந்த ஒரு கப்பலைப் போர்த்துக்கீசியர் காரைக்கால் அருகே அழித்தனர். தப்பிப் பிழைத்த ரோலண்ட் கிராப்பே என்பவர் தஞ்சை இரகுநாத நாயக்கரின் அவையை அடைந்தார். நாகப்பட்டினத்துப் போர்த்துக்கீசியருக்குப் போட்டியாக மற்றொரு வணிகக் கூட்டம் வருவதை நாயக்கர் விரும்பினார். 1620 நவம்பரில் தளபதி ஓவே கெட்டேயுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. நாயக்கர் டேனிய மன்னருக்குப் பொன் ஓலையில் தமிழில் எழுதி அனுப்பிய மடல் இன்றும் அந்நாட்டு ஆவணக்காப்பகத்தில் உள்ளது. கடற்கரையில் டான்சுபர்க்குக் கோட்டையும் எழுந்தது.

கோட்டைகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கட்டியவர்களையே போற்றுவர். எனக்கோ, காத்து நின்ற ஒருவரே நினைவுக்கு வருகிறார். 1639க்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. 1650இல் கம்பெனியே கலைக்கப்பட்டது. இங்கிருந்தோர் நோயாலும் முதுமையாலும் ஒவ்வொருவராக மறைய, இறுதியில் எஞ்சிய டேனியர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே ஒருவரே. உயர்குடியிற் பிறந்தவர் அல்லர்; கல்வியும் மிகுதியாகப் பெற்றவர் அல்லர். உள்ளூர் மக்களின் துணையுடன் ஊரைச் சுற்றி மதில் எழுப்பிக் கோட்டையைக் காத்தார். அதற்கான பொருளை வங்கக் கடலில் கப்பல்களைக் கைப்பற்றித் திரட்டினார் என்பதையும் மறைக்கலாகாது. 1669இல் ஒருநாள் தாய்நாட்டுக் கப்பல் வந்தது. கோட்டை மீது கொடி பறந்துகொண்டிருந்தது!

1706 சூலை 9இல் சீகன்பால்கு, புளூட்சோ என்னும் இரு செருமானியர் டேனிய மன்னரால் அனுப்பப்பெற்று வந்து இறங்கினர். சீகன்பால்கு திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். ஆளுநரோடு பிணக்குற்று நான்கு திங்கள் இதே கோட்டையில் சிறையிருந்தார். பின்னர் இலண்டனிலிருந்து அச்சுப்பொறியும் செருமனியிலிருந்து தமிழ் எழுத்துகளும் வர, அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. முதல் தமிழ் அச்சு நூல் இதுவே என மாணவர் சிலர் தேர்வில் எழுதுவதுண்டு, அது தவறு. 1578இலேயே கொல்லத்தில் தமிழ் அச்சேறிவிட்டது. 1719இல், முப்பத்தாறாம் வயதில் மறைந்த சீகன்பால்கின் கல்லறை, அதற்கு முந்திய ஆண்டு அவர் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்தினுள் இருக்கிறது.

1845இல் டேனியர் தரங்கம்பாடியையும், வங்காளத்துச் சீராம்பூரையும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றனர். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வந்தது. வாணிகமும் அங்கேயே சென்றது. தரங்கம்பாடிக்குக் கிளைப்பாதை வந்தது 1926இல்தான். அதுவும் 1986இல் மூடப்பட்டது. வாணிகம் அகன்றதால் பழைய வீடுகளை இடித்துப் புதியன கட்டுவார் இல்லை. ஊரின் வறுமையே வீதிகளைக் காத்தது என்றாலும் மிகையன்று. இன்று பயணிகள் வியந்து நோக்கும் தூண்களும் தாழ்வாரங்களும் அவ்வாறு எஞ்சியவையே.

மதிலையும் மாளிகையையும் மனிதர் விட்டுவைத்தனர், கடல் விட்டுவைக்கவில்லை. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்புறத்தைப் பெரும்பாலும் அலைகள் கொண்டுபோயின. எஞ்சிய பகுதியே பிற்காலத்தில் புதுப்பிக்கப்பெற்றது. 2004 திசம்பர் 26 காலையில் எழுந்த ஆழிப்பேரலை, அருகிலிருந்த மீனவர் குடியிருப்பில் நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறித்தது. கோட்டை நின்றது, குடிசைகள் நிற்கவில்லை. கோட்டையைக் காணச் செல்லும் மாணவர்கள் அம்மீனவர் தெருக்களிலும் சிறிது நடந்து வரலாம். கடலோடு நெடுங்காலம் வாழ்ந்த குடும்பங்கள் அங்கு இருக்கின்றன. அந்தக் காலையைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்கலாம்.