காலடியில் கிடக்கும் காசு

ஊரில் எங்கேயாவது தெருவோரத்தைத் தோண்ட ஆரம்பித்தால் போதும். வேலை செய்கிறவர்களைவிட வேடிக்கை பார்க்கிறவர்கள் அதிகமாகக் கூடிவிடுவார்கள். குடிதண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டலாம்; சாக்கடைக்காகத் தோண்டலாம்; நடைபாதையின் பழைய கல்லைப் பெயர்த்துவிட்டுப் புதுக் கல் பதிப்பதற்காகவும் தோண்டலாம். காரணம் எதுவானாலும், குழியின் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கிறவர் மனத்தில் ஓடுகிற எண்ணம் ஒன்றுதான்: "உள்ளே ஏதாவது இருக்குமோ?"

திருவெறும்பூரைப் போன்ற ஊரில் இதை வெறும் அசட்டு ஆசை என்று தள்ளிவிட முடியாது. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் போகிறவர்கள், சமவெளியில் எழும்பி நிற்கும் அந்தச் சிறு குன்றையும் அதன்மேல் இருக்கும் எறும்பீசர் கோயிலையும் பார்த்திருப்பார்கள். தேவர்கள் எறும்பு உருவெடுத்து ஏறிப்போய் இறைவனைப் பூஜித்தார்கள் என்பது ஸ்தல புராணம். புராணத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சரித்திரத்தை மட்டும் பார்த்தாலும், ஆயிரம் ஆண்டுகளுக்குக் குறையாமல் இங்கே ஜன நடமாட்டம் இருந்து வந்திருக்கிறது. கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. இருபது மஞ்சாடி கொண்டது ஒரு கழஞ்சு என்று பொன்னை நிறுத்துக் கொடுத்து வாங்கிய காலம் அது. பதினெட்டாம் நூற்றாண்டில் திருச்சிக் கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டபோது இந்தக் குன்று ஒரு காவல் அரணாயிற்று. ஓர்ம் என்ற ஆங்கிலேயர் தம்முடைய சரித்திரத்தில் 'எலிமிசேரம்' என்று எழுதிவைத்திருப்பது இதைத்தான். 1753-ல் சண்டை நடந்த பொன்மலையும் பக்கத்திலேயே இருக்கிறது. பிறகு 1965-ல் கொதிகலன் தொழிற்சாலை வந்தது. நாட்டின் பல திசைகளிலிருந்தும் குடும்பங்கள் வந்து சேர்ந்தன.

இத்தனை பேர் நடந்த வழியில் காசு விழாமல் இருக்குமா? மடியில் முடிந்த முடிச்சு அவிழ்ந்திருக்கும். சுருக்குப் பை கிழிந்திருக்கும். கடைக்கு அனுப்பிய பிள்ளை கையை விரித்து விட்டிருப்பான். விழுந்தது பொன்னாக இருந்தால் விளக்கை வைத்துக்கொண்டு விடிய விடியத் தேடியிருப்பார்கள். செப்புக் காசாக இருந்தால் இரண்டு தரம் குனிந்து பார்த்துவிட்டு, "போனால் போகிறது" என்று நடந்திருப்பார்கள். ஆகையால் தெருப் புழுதி நமக்காகக் காப்பாற்றி வைத்திருப்பது பெரும்பாலும் சாமானிய ஜனங்களின் காசு. பெரிய மனிதர்களின் பொன், பயத்தினால் புதைக்கப்பட்டது. ஏழைகளின் செம்பு, கைதவறி விழுந்தது. முன்னது யுத்தங்களின் கதையைச் சொல்லும். பின்னது சந்தைக்குப் போன கதையைச் சொல்லும். இரண்டும் சரித்திரந்தான்.

கணக்குப்படி பார்த்தால் இந்தக் காசுகள் ஏணிப்படி மாதிரி அமைந்திருக்க வேண்டும். மேலே, 1957-ல் வந்த நயா பைசா. அதற்கடியில், இரண்டாவது மகாயுத்தத்தின்போது செம்பை மிச்சம் பிடிப்பதற்காக நடுவில் துளையிட்டு வெளியிட்ட ஓட்டைக் காலணா. அதற்கும் கீழே கும்பெனிக் காசு. இன்னும் கீழே நாயக்கர் காசு. அதிர்ஷ்டம் இருந்தால் ராஜராஜன் காசு. ராஜராஜன் காசில் ஒரு பக்கம் ஓர் உருவம் நிற்கும். மறு பக்கம் உட்கார்ந்திருக்கும் உருவத்தின் அருகே நாகரி எழுத்தில் அரசன் பெயர் இருக்கும். தமிழ்நாட்டில் மட்டுமல்ல, இலங்கையிலும் இவை கிடைக்கின்றன.

மேனாடுகளில் இப்படிப்பட்ட காசுகளைத் தேடுவது ஒரு பொழுதுபோக்கு. ஒரு கோலின் நுனியில் வளையம் கட்டிய உலோகம் காட்டும் கருவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். வளையத்தில் ஓடும் மின்சாரம் ஒரு காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. கருவி அதை உணர்ந்து சத்தமிடுகிறது. அமெரிக்காவில் பழைய நடைபாதையைப் பெயர்க்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், அனுமதி கேட்டுக்கொண்டு இவர்கள் வந்துவிடுவார்கள். நம் ஊர்த் தெருவில் அந்தக் கருவியை ஓட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சோடா மூடிக்கு ஒரு சத்தம், ஆணிக்கு ஒரு சத்தம், லாடத்துக்கு ஒரு சத்தம் என்று கச்சேரியே நடக்கும்!

ஆனால் கருவி புதிதே தவிர, தொழில் நமக்குப் புதிதல்ல. பத்தர் கடை வாசலில் புழுதியைக் கூட்டி எடுத்துப்போய், தண்ணீரில் அலசிப் பொன் துகளைப் பிரித்தெடுக்கும் அரிப்புக்காரர்கள் நம் ஊர்களில் உண்டு. கரூரில் அமராவதி ஆற்று மணலை அரித்தும் காசு எடுத்திருக்கிறார்கள். சேரர் காசுகளும் ரோமாபுரிக் காசுகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. மாக்கோதை என்றும், கொல்லிரும்பொறை என்றும் பெயர் பொறித்த காசுகள் வெளிப்பட்டபோது, சங்க நூல்களில் படித்த சேரர் பெயர்களை உலோகத்திலேயே பார்க்க முடிந்தது. 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் இப்படிப்பட்ட காசுகளைத் தேடிச் சேர்த்து, படித்து, நூலாக எழுதி வைத்தார். அவரைப் போன்ற ஒருவர் கண்ணில் படாமல் உருக்குச் சட்டிக்குப் போன காசுகளை இனி யாராலும் படிக்க முடியாது. கண்ணில் பட்டவற்றிலும் ஒரு குறை உண்டு. ஆற்று வெள்ளம் புரட்டிப் போட்ட காசு, தன் பெயரைச் சொல்லும். தான் எந்த மண்ணில், எதனோடு கிடந்தது என்று சொல்லாது.

அது ஏன் முக்கியம் என்பதற்குப் புதுக்கோட்டைச் சீமையே சாட்சி. 1898-ல் கருக்காக்குறிச்சியில் ஒரு பானை நிறைய ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. மொத்தம் 501. அவற்றில் பெரும்பாலான காசுகளில் சக்கரவர்த்தியின் முகத்தின்மேல் வேண்டுமென்றே ஒரு வெட்டுப் போட்டிருந்தது. ஒரே ஒரு காசில் அந்த வெட்டு இருந்திருந்தால், யாரோ ஒரு பொற்கொல்லர் மாற்றுப் பார்த்தார் என்று விட்டுவிடுவோம். நூற்றுக்கணக்கில் இருக்கவே, இந்தக் காசை இங்கே காசாகச் செலவழிக்கவில்லை, பொன்னாக நிறுத்துத்தான் வாங்கினார்கள் போலும் என்று அறிஞர்கள் யோசிக்க இடம் கிடைத்தது. குவியலில் கடைசியாக இருந்தவை வெஸ்பாசியன் காலத்தவை. ஆகவே கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன்னால் அந்தப் பானை மண்ணுக்குள் போயிருக்க முடியாது. ஒரு குவியலின் வயதைச் சொல்லுவது அதிலுள்ள மூத்த காசு அல்ல, கடைக்குட்டிக் காசு. அந்தக் கடைக்குட்டியை யாராவது எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டால், மீதி ஐந்நூறும் சேர்ந்து பொய் சொல்லும்.

இப்போது திருவானைக்காவுக்கு வருவோம். 2020 பிப்ரவரி 26-ஆம் தேதி, ஜம்புகேசுவரர் கோயில் இடத்தில் மண்ணைத் தோண்டியபோது சுமார் ஏழடி ஆழத்தில் ஓர் உலோகப் பாத்திரம் அகப்பட்டது. திறந்து பார்த்தால் உள்ளே பொற்காசுகள்! 504 சிறிய காசுகள், ஒரு பெரிய காசு, ஆக 505. மொத்த எடை 1.716 கிலோ. காசுகளில் அரபு எழுத்துகள் காணப்பட்டன. அதிகாரிகள் எண்ணினார்கள், நிறுத்தார்கள், எழுதினார்கள். அரசாங்கத்தின் பொறுப்பில் ஒப்படைத்தார்கள்.

ஆயிரம் ஆண்டுப் பழமை என்றுகூட அப்போது செய்தி வந்தது. வாசகர்கள் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்து ஒரு சிறு வகுத்தல் போட்டுப் பார்க்கலாம். 1,716 கிராமை 505-ஆல் வகுத்தால் ஒரு காசுக்கு ஏறக்குறைய 3.4 கிராம் வருகிறது. இது வராகனின் எடை. விஜயநகர ராயர்கள் காலத்தில் பிரசித்தமாகி, அவர்களுக்குப் பின்னும் தென்னாட்டில் பலர் பல பெயர்களில் வெளியிட்ட நாணயம் வராகன். ஹைதர் அலி வெளியிட்ட வராகனில் அவன் பெயரைக் குறிக்கும் அரபு எழுத்து இருக்கும். எடையை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. காசைப் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் எடையும் எழுத்தும் சேர்ந்து காட்டுகிற திசை, ஆயிரம் ஆண்டைவிட இருநூற்று ஐம்பது ஆண்டுக்குத்தான் பக்கத்தில் இருக்கிறது.

அந்தத் திசையில் பார்த்தால் என்ன தெரிகிறது? 1752-ல் சந்தா சாகிபுக்கு உதவியாக வந்த பிரெஞ்சுப் படை இதே திருவானைக்காக் கோயிலில்தான் முற்றுகையில் சிக்கியது. அந்த ஜூன் மாதத்தில் அது சரணடைந்தது. சந்தா சாகிபு தலையை இழந்தார். 1781-ல் ஹைதர் அலியின் படைகள் இந்தப் பக்கம் வந்தன. ஊரைவிட்டு ஓடுகிறவர் ஏழடிக் குழி வெட்டிப் பாத்திரத்தை இறக்கிவிட்டு, "நாலு மாதத்தில் வந்து எடுத்துக்கொள்ளலாம்" என்று நினைப்பதற்கு எத்தனையோ இரவுகள் இருந்தன. அவர் திரும்பி வரவில்லை என்பது ஒன்றுதான் நிச்சயம். எந்த இரவு என்பதை அந்த 505 காசுகளும் கூடி உட்கார்ந்தால்தான் சொல்ல முடியும். ஒன்றுகூடக் குறையாமல் அவை இன்று கையில் இருப்பதற்குக் காரணம், கண்டதை மறைக்காமல் சொன்ன மனிதர்கள்.

மறைப்பதற்குக் காரணம் பேராசை மட்டும் அல்ல, பயமும் உண்டு. "சொன்னால் போலீஸ் வரும், உள்ளதும் போய்விடும்" என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். ஆனால் 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் அவ்வளவு கல்நெஞ்சம் படைத்ததல்ல. மண்ணில் மறைந்திருக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். புதைத்தவருக்கு உரிமையாளர் யாரும் இல்லை என்று தீர்ந்தால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு. நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசாங்கமே எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோகத்தின் விலையும் அதற்குமேல் ஐந்தில் ஒரு பங்கும் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். தெரிவிக்காமல் மறைத்தால்தான் பங்கு பறிபோகும். ஓராண்டு வரை சிறையும் உண்டு. மண்வெட்டி பிடிக்கிறவருக்கு இந்த முக்கால் பங்கு விஷயத்தை யாராவது வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்களா? இங்கிலாந்தில் 1996-ல் புதிய சட்டம் செய்ததோடு, மறு வருஷமே, சின்னஞ்சிறு காசைக் கண்டெடுத்தவரும் வந்து பதிந்துகொள்ள ஏற்பாடு செய்தார்கள். பதிந்துவிட்டுப் பொருளை அவரே வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருக்கின்றன.

நம்முடைய தெருக்களில் இப்போது வேறோர் ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. முன்பு மண்வெட்டியால் வெட்டி, கூடையில் அள்ளி, பக்கத்திலேயே கொட்டினார்கள். காசு இருந்தால் கண்ணில் படும். இன்று இயந்திரம் ஒரே கையாக அள்ளி லாரியில் போடுகிறது. லாரி அந்த மண்ணைக் கொண்டுபோய்ப் பத்து மைலுக்கு அப்பால் ஏதோ ஒரு மனைக்கட்டில் மேடு நிரப்புகிறது. அதில் ஒரு ராஜராஜன் காசு இருந்தால் என்ன ஆகும்? நாளைக்கு அங்கே அஸ்திவாரம் தோண்டுகிறவர் அதைக் கண்டெடுத்து, "எங்கள் நகர் சோழர் காலத்தது" என்று பெருமைப்படுவார். அவர்மேல் தப்பில்லை. பொய்ச் சாட்சி சொல்ல வைத்தது லாரி! உறையூரில் 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக் கழகத்தார் அகழ்ந்தபோது, மண்ணை அடுக்கு அடுக்காகச் சீவி, ஒவ்வோர் அடுக்கிலும் கிடைத்த பானை ஓட்டைத் தனித்தனியே எழுதி வைத்தார்கள். உறையூரின் பழமை அந்தக் குறிப்பேடுகளினால்தான் நிரூபணம் ஆயிற்று.

நடைபாதை போடுகிற ஒவ்வோர் இடத்திலும் அகழ்வாராய்ச்சி நடத்து என்று யாரும் கேட்க முடியாது. ஜனங்கள் நடக்க வேண்டும்; மழைத் தண்ணீர் வடிய வேண்டும். கேட்கக்கூடியது சிறிய காரியந்தான். காசோ ஓடோ தென்பட்டால், கையில் எடுப்பதற்கு முன்னால், கிடக்கிற நிலையிலேயே ஒரு படம் பிடிக்கலாம். இப்போது அதற்கான கருவி எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. எத்தனை அடி ஆழம், கூடவே என்ன கிடந்தது என்று இரண்டு வரி எழுதலாம். புளி போட்டுத் தேய்க்காமல், மண்ணோடு கொண்டுபோய்த் தாசில்தார் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கலாம். அந்தக் குறிப்பில், கண்டெடுத்த கூலிக்காரரின் பெயரையும் மறக்காமல் எழுத வேண்டும். ராஜாக்களின் பெயரைக் காசே சொல்லிவிடும். அவர் பெயரை நாம் எழுதினால்தான் உண்டு.