யு-505

யு-505 இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் கடற்படையில் பணியாற்றிய நெடுந்தொலைவு நீர்மூழ்கிக் கப்பல். 1944 ஜூன் 4 அன்று மேற்கு ஆப்பிரிக்காவை ஒட்டிய அட்லாண்டிக் கடலில் அமெரிக்கக் கடற்படையினர் இதை மூழ்கவிடாமல் முழுதாகப் பிடித்தனர். நடுக்கடலில் எதிரியின் போர்க்கப்பல் ஒன்றை அவர்கள் கைப்பற்றியது 1815-க்குப் பிறகு அதுவே முதல் முறை. மூழ்கடித்த கப்பல்களின் கணக்கை மட்டும் பார்த்தால் யு-505 சாதாரணமான கப்பல்தான்: எட்டுக் கப்பல்கள், சுமார் 45,000 டன். அது பெயர் பெற்றது பிடிபட்ட விதத்தால்.

அமைப்பு

ஹாம்பர்க்கில் உள்ள டாய்ச்ச வெர்ஃப்ட் கட்டுதளத்தில் 1940 ஜூனில் வேலை தொடங்கியது. 1941 மே 24 அன்று நீரில் இறக்கப்பட்டு, ஆகஸ்ட் 26 அன்று பணியில் சேர்ந்தது. 9-சி வகையைச் சேர்ந்த இதன் நீளம் ஏறத்தாழ 76.8 மீட்டர், அகலம் 6.8 மீட்டர். நீரழுத்தத்தைத் தாங்கும் தடித்த எஃகுக் கூடு உள்ளே இருக்க, மெல்லிய வெளிக்கூடு அதைச் சூழ்ந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே எரிபொருள் தொட்டிகள். பத்து நாட் (மணிக்குப் பத்துக் கடல் மைல்) வேகத்தில் 13,450 கடல் மைல் ஓட இந்த எரிபொருள் போதும். இதே குடும்பத்துக் கப்பல்கள்தான் பின்னாளில் பினாங்கைத் தளமாகக் கொண்டு இந்தியப் பெருங்கடலிலும் வேட்டையாடின.

மேற்பரப்பில் இரண்டு டீசல் எந்திரங்கள் கப்பலை 18 நாட் வேகம் வரை செலுத்தின. மூழ்கிய பின் மின்கல அடுக்கும் மின்மோட்டார்களும்தான் துணை. நான்கு நாட் வேகத்தில் ஊர்ந்தாலும் 63 கடல் மைலில் மின்சாரம் தீர்ந்துவிடும். அதாவது பதினாறு மணி நேரம். பிறகு மேலே வந்து டீசலை ஓட்டி மின்னேற்றம் செய்தாக வேண்டும். நீருக்கடியில் இருந்தபடியே காற்றை உறிஞ்சும் ஸ்நார்க்கல் குழாய் இதில் பொருத்தப்படவே இல்லை. அட்லாண்டிக் வானில் நேசநாட்டு விமானங்கள் பெருகிய 1943-க்குப் பிறகு இந்தக் குறை உயிருக்கே உலை வைத்தது.

முன்புறம் நான்கு, பின்புறம் இரண்டு என ஆறு டார்பிடோ குழாய்கள் இருந்தன. 22 டார்பிடோக்கள் ஏற்றலாம். ஐம்பதுக்கு மேற்பட்டோர் வாழ்ந்த கப்பலில் எல்லோருக்கும் படுக்கை கிடையாது. ஒருவர் பணிக்கு எழுந்து போன படுக்கையில் பணி முடித்து வந்த இன்னொருவர் படுப்பார்.

போர்ப்பணி

முதல் கேப்டன் ஆக்சல்-ஓலாஃப் லோவே. பிரான்சின் லோரியான் துறைமுகத்திலிருந்து 1942 பிப்ரவரியில் மேற்கு ஆப்பிரிக்கா பக்கம் போய் நான்கு கப்பல்களையும், அடுத்த பயணத்தில் கரீபியன் கடலில் மூன்றையும் மூழ்கடித்தார். அந்த மூன்றில் ஒன்று ரோமார் என்ற கொலம்பியப் பாய்மரக் கப்பல். அதைத் தகர்த்தது கெட்ட சகுனம் என்று மாலுமிகள் பேசிக்கொண்டனர். விரைவிலேயே லோவேக்குக் குடல்வால் அழற்சி வந்தது. பீட்டர் ஷெக் பொறுப்பேற்றார்.

ஷெக் காலத்தில் மூழ்கடித்தது ஒரே ஒரு கப்பல். 1942 நவம்பர் 10 அன்று டிரினிடாட் அருகே பிரிட்டிஷ் ஹட்சன் விமானம் ஒன்று மிகத் தாழப் பறந்து வந்து குண்டு வீசியது. குண்டு மேல்தளத்தில் பட்டு வெடித்த வேகத்தில் விமானமும் சிதறியது. அதில் இருந்தவர்கள் அனைவரும் இறந்தனர். மேல்தளம் கிழிந்து, பீரங்கி ஒன்று கடலில் போய், உள்கூடும் சேதமடைந்தது. அந்த நிலையிலும் மாலுமிகள் பழுது பார்த்தபடியே டிசம்பரில் லோரியான் சேர்ந்தனர். அவ்வளவு சேதத்தோடு துறைமுகம் திரும்பிய ஜெர்மன் நீர்மூழ்கி வேறில்லை என்பார்கள்.

பழுது நீக்க ஆறு மாதத்துக்கு மேலானது. அதன் பிறகும் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஏதாவதொரு கோளாறால் திரும்பி வந்தது. பிரெஞ்சுத் தொழிலாளர்கள் செய்த நாசவேலை அது. எரிபொருள் தொட்டியில் பென்சில் பருமனுக்கு அவர்கள் இட்ட ஓட்டை ஒன்று கப்பலின் பின்னால் எண்ணெய்த் தடம் விட வைத்தது. மற்ற கப்பல்களின் மாலுமிகள் கேலி பேசினர். 1943 அக்டோபர் 24 அன்று ஆழ்கடல் வெடிகுண்டுத் தாக்குதலுக்கு நடுவே, மாலுமிகள் பார்த்திருக்க, ஷெக் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். துணை அதிகாரி பால் மேயர் பதறாமல் கப்பலைக் கரை சேர்த்தார்.

பிடிபட்டது

மூன்றாம் கேப்டன் ஹரால்ட் லாங்கே. அவரைத் தேடி வந்தது, குவாடல்கனால் என்ற சிறு விமானந்தாங்கியும் ஐந்து துணைக்கப்பல்களும் கொண்ட அமெரிக்க அணி. அதன் தலைவர் கேப்டன் டேனியல் கேலரி. 1944 ஏப்ரலில் யு-515 என்ற மற்றொரு ஜெர்மன் நீர்மூழ்கியை மூழ்கடித்தபோது, மேலே வந்த கப்பலைப் பிடித்தே இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருந்தது. அதற்காகவே இம்முறை ஒவ்வொரு கப்பலிலும் ஏறிப் பிடிக்கும் குழுவைத் தயார் செய்து வைத்திருந்தார்.

ஷாட்டலேன் என்ற துணைக்கப்பலின் வெடிகுண்டுகள் யு-505-ஐ மேலே வரவைத்தன. சுக்கான் இறுகிப்போய் அது வட்டமடித்தது. லாங்கே காயமடைந்தார், கப்பலைக் கைவிட உத்தரவிட்டார். மாலுமிகள் எந்திரத்தை நிறுத்தாமலே குதித்தனர். பில்ஸ்பரி கப்பலின் படகிலிருந்து லெப்டினன்ட் ஆல்பர்ட் டேவிட் தலைமையிலான சிலர் ஓடிக்கொண்டிருந்த நீர்மூழ்கியில் தாவி ஏறி, குறுகிய வாயில் வழியே உள்ளே இறங்கினர். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள், எங்கே வெடி வைத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. மூடி கழன்ற குழாய் ஒன்றிலிருந்து கடல்நீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. ஒருவர் அந்த மூடியைத் தேடியெடுத்து இறுக்க, கப்பல் தப்பியது. 59 ஜெர்மானியர்களில் ஒருவர் மட்டுமே இறந்தார்.

எனிக்மா என்ற சங்கேதக் கருவியும் குறியீட்டு நூல்களும், ஒலியைத் தொடர்ந்து பாயும் டார்பிடோக்களும் கைக்கு வந்தன. ஆனால் நேசநாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டியில் தரையிறங்க இரண்டே நாள் இருந்தது. செய்தி கசிந்தால் ஜெர்மனி தன் சங்கேத முறையையே மாற்றிவிடும். வாஷிங்டனில் கடற்படைத் தலைமை கேலரியின் மேல் கடுங்கோபம் கொண்டதற்கு இதுவே காரணம். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. யு-505 பெர்முடாவுக்கு இழுத்துச் செல்லப்பட்டு நெமோ என்று பெயர் மாற்றப்பட்டது. கைதிகள் லூசியானாவின் ரஸ்டன் முகாமில் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் தெரியாமல் அடைக்கப்பட்டனர். ஆயிரக்கணக்கான அமெரிக்க மாலுமிகள் வாய் திறக்கவில்லை. டேவிட்டுக்கு நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் அறிவிக்கப்பட்டது. அதைப் பெறுமுன்பே 1945-இல் அவர் இறந்தார்.

பிற்காலம்

போருக்குப் பின் சுடுபயிற்சி இலக்காக்கி மூழ்கடிக்கும் யோசனை இருந்தது. கேலரியின் சொந்த ஊரான சிகாகோவின் மக்கள் பணம் திரட்டி 1954-இல் தங்கள் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தனர். ஐம்பது ஆண்டு வெயிலிலும் பனியிலும் கிடந்த பிறகு, 2004-இல் நிலத்தடிக் கூடத்துக்கு மாற்றப்பட்டது. கப்பல் சிகாகோவுக்கு வந்த புதிதில், அதிலிருந்து காணாமல் போயிருந்த பாகங்களைக் கேட்டு, அவற்றை முதலில் செய்த ஜெர்மன் நிறுவனங்களுக்கே அருங்காட்சியகம் எழுதியது. அவை பணம் வாங்காமல் அனுப்பிவைத்தன.