இரண்டு அங்குலக் கணக்கு

செயற்பாட்டு ஆராய்ச்சி எண்ட பாடம் எங்களில் கனபேருக்குக் கம்பஸிலதான் அறிமுகம். அட்டவணைகள், சமனிலிகள், 'இழிவாக்குக', 'உயர்வாக்குக'. பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும். பாடப்புத்தக உதாரணங்களும் மேசை கதிரை செய்யும் தொழிற்சாலை, சாமான் ஏற்றும் லொறி என்ற அளவில்தான். ஆனால் இந்தத் துறை வளர்ந்தது இரண்டாம் உலகப் போருக்குள்ளே. அந்தக் கதை தெரிந்தால் 'இழிவாக்குக' என்ற சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் நின்று யோசிக்கத் தோன்றும்.

1930களின் கடைசியில் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், போட்ஸி என்ற இடத்தில், ராடர் ஆராய்ச்சி நடந்தது. கருவி வேலை செய்தது. அது காட்டுவதை வைத்துச் சண்டை விமானங்களை எப்படி நேரத்துக்கு அனுப்புவது என்பதுதான் பிரச்சினை. கருவியைப் பற்றி அல்லாமல், அதைப் பாவிக்கிற செயற்பாட்டைப் பற்றி ஆராய்ந்தார்கள். பெயர் அங்கிருந்துதான் வந்தது.

1940 இல் பற்றிக் பிளாக்கெற் என்ற பௌதிகவியலாளர் விமான எதிர்ப்புப் படைப்பிரிவுக்கு ஆலோசகராகப் போனார். அவர் சேர்த்த குழுவில் உடற்றொழிலியலாளர்கள், கணிதவியலாளர்கள், ஒரு வான்பௌதிகவியலாளர், ஒரு நில அளவையாளர் எல்லாரும் இருந்தார்கள். 'பிளாக்கெற்றின் சர்க்கஸ்' எண்டு மற்றவர்கள் பகிடி பண்ணினார்கள். தொடக்கத்தில் ஒரு ஜேர்மன் விமானத்தை விழுத்த ஏறத்தாழ 20,000 குண்டுகள் செலவாகின. 1941 கோடையில் அது 4,000 ஆகக் குறைந்தது. பெரும்பாலும் ராடரையும் பீரங்கியையும் சரியாக ஒத்திசைய வைத்ததன் பலன் அது.

அடுத்த கதை கடலில். நீர்மூழ்கிகளைத் தாக்கும் விமானங்கள் போடுகிற ஆழ்நீர்க் குண்டுகள் 100 அடி ஆழத்தில் வெடிக்கும்படி வைக்கப்பட்டிருந்தன. விமானத்தைக் கண்டவுடன் நீர்மூழ்கி அமிழ்ந்துவிடும், குண்டு விழும்போது அந்த ஆழத்துக்குப் போயிருக்கும் என்பது நியாயம். ஈ. ஜே. வில்லியம்ஸ் என்ற பௌதிகவியலாளர் இதைத் திருப்பிப் பார்த்தார். அவ்வளவு ஆழத்துக்குப் போன நீர்மூழ்கி எந்தப் பக்கம் திரும்பியது எண்டு மேலே இருக்கிறவருக்குத் தெரியாது. குறி தவறத்தான் போகிறது. உண்மையில் அடிக்கக்கூடியது மேற்பரப்பில் இன்னும் நிற்கிற நீர்மூழ்கியைத்தான். அப்ப 25 அடியில் வெடிக்க வையுங்கோ என்றார். தாக்குதல்கள் பலமடங்கு பலித்தன. பிடிபட்ட ஜேர்மன் மாலுமிகள், பிரித்தானியர் புதிதாக ஏதோ சக்திவாய்ந்த வெடிமருந்து கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தார்களாம். மாறியது ஒரு எண் மட்டும்தான்.

அத்திலாந்திக்கைக் கடக்கும் சரக்குக் கப்பல் தொடரணிகளைப் பற்றியும் இதேபோல ஒரு கேள்வி. பெரிய தொடரணி ஆபத்து, சிறிதாகப் போவதே பாதுகாப்பு என்று கடற்படை நம்பியது. பிளாக்கெற்றின் ஆட்கள் இழப்புப் பதிவுகளைப் புரட்டினார்கள். கப்பல்களின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கினால் அவை பரவியிருக்கும் பரப்பும் இரண்டு மடங்காகும். ஆனால் காவற்கப்பல்கள் காக்கவேண்டிய சுற்றளவு கிட்டத்தட்ட 1.4 மடங்குதான் கூடும். ஆகவே அதே காவற்கப்பல்களைக் கொண்டு கூடுதலான கப்பல்களைக் காப்பாற்றலாம். 1943 இல் தொடரணிகள் பெருத்தன. எத்தனையோ மாலுமிகள் உயிரோடு கரை சேர்ந்ததில் இந்தக் கேத்திரகணிதத்துக்கும் பங்கு உண்டு.

இதுவரைக்கும் கேட்டால் அறிவு வென்ற கதை. மற்றப் பக்கத்தையும் பார்ப்பம்.

1942 மார்ச் 30 இல், சேர்ச்சிலின் விஞ்ஞான ஆலோசகரான சேர்வெல் பிரபு ஒரு குறிப்பை அனுப்பினார். அதுவும் கணக்குத்தான். ஒரு குண்டுவீச்சு விமானம் தன் ஆயுளில் ஏறத்தாழ 40 தொன் குண்டு போடும். ஒரு தொன் குண்டு 100 முதல் 200 பேரை வீடற்றவர்களாக்கும். 58 பெரிய நகரங்களைக் குறிவைத்தால் 1943 இன் நடுப்பகுதிக்குள் ஜேர்மன் சனத்தொகையில் மூன்றிலொரு பங்கினரை வீடிழக்கச் செய்யலாம். வீடு போனால் மனவுறுதி போகும்.

அடிப்படையான எண்ணிக்கைகள் ஹல், பேர்மிங்ஹாம் நகரங்களில் ஜேர்மன் குண்டுவீச்சுப் பற்றி எடுத்த ஆய்விலிருந்து வந்தவை. அந்த ஆய்வின் அறிக்கை சில நாட்கள் கழித்து முடிந்தபோது, அந்த நகரங்களின் சனங்கள் பீதியில் குலைந்துபோகவில்லை எண்டுதான் சொன்னது. சேர்வெலின் மதிப்பீடு ஐந்து மடங்கு அதிகம் என்றார் ஹென்றி ரிஸாட். ஆறு மடங்கு என்றார் பிளாக்கெற். இரண்டு பேரும் தோற்றார்கள். ஏனெண்டால் நகரங்களைக் குண்டுவீசித் தாக்கும் உத்தரவு பெப்ரவரி 14 இலேயே போய்விட்டது. முடிவு முதலில் வந்தது, கணக்கு பின்னால வந்தது.

1943 யூலையில் ஹம்பேர்க் எரிந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். போர் அதற்குப் பிறகும் கிட்டத்தட்ட இரண்டு வருடம் நடந்தது. வானத்தில் இரைச்சல் கேட்டுப் பங்கருக்குள் ஓடியவர்களின் பிள்ளைகள் நாங்கள். 'ஒரு தொன்னுக்கு இத்தனை பேர்' என்ற வரியை வெறும் கணிதமாக வாசிக்க எங்களால் ஏலாது.

அந்தக் குண்டுவீச்சுப் பிரிவின் செயற்பாட்டு ஆராய்ச்சிப் பகுதியில் அதே யூலையில் வேலைக்குச் சேர்ந்த 19 வயது இளைஞர் பிறீமன் டைசன். பிற்காலத்தில் பெயர்பெற்ற பௌதிகவியலாளர். அங்கே கண்டதை முதுமையில் எழுதினார். சுடப்பட்ட அமெரிக்க விமானங்களிலிருந்து ஏறத்தாழ பாதிப்பேர் தப்பினார்கள். பிரித்தானிய ஹலிபாக்ஸிலிருந்து நூற்றுக்கு 25 பேர், லான்காஸ்ரரிலிருந்து 15 பேர். டைசனின் சக ஊழியர் ஒருவர் காரணத்தைத் தேடினார். ஹலிபாக்ஸின் அவசர வாசல் 24 அங்குல அகலம், லான்காஸ்ரரினது 22. பரசூட்டும் தடித்த உடுப்புமாக இருட்டில் குதிக்கிறவனுக்கு அந்த இரண்டு அங்குலம்தான் உயிர். வாசலைப் பெருப்பிக்கச் சொல்லி அதிகாரிகளை ஒப்புக்கொள்ள வைக்க இரண்டு வருடம் பிடித்தது. அதற்குள் போர் முடியப்போகும் காலம் வந்துவிட்டது. அந்தப் பிரிவில் மொத்தம் 55,573 விமானப்படையினர் இறந்தார்கள்.

குண்டின் ஆழத்தை மாற்றியவர்கள் கேட்டதும் வாசலின் அகலத்தை அளந்தவர் கேட்டதும் ஒரே முறையான கேள்விதான். முதலாவது எதிரியை அழிக்கும் கணக்கு என்பதால் உடனே காது கொடுத்தார்கள். இரண்டாவது தங்கள் பெடியளையே காப்பாற்றும் கணக்கு. மேலே இருந்தவர்கள் குறைக்க நினைத்தவற்றின் பட்டியலில் அந்த உயிர்கள் முதல் வரியில் இல்லை.

போருக்குப் பிறகு இந்த முறைகள் சாதாரண வாழ்க்கைக்குள் வந்தன. 1947 இல் அமெரிக்க விமானப்படையில் வேலைசெய்த ஜோர்ஜ் டான்சிக் சிம்பிளெக்ஸ் முறையைக் கண்டுபிடித்தார். அதைப் பரிசோதிக்க எடுத்த கணக்குகளில் ஒன்று சாப்பாட்டைப் பற்றியது. போசாக்குக் குறையாமல் ஒரு ஆள் ஒரு வருடம் எவ்வளவு மலிவாகச் சாப்பிடலாம்? பொருளியலாளர் ஜோர்ஜ் ஸ்ரிக்லர் ஏற்கெனவே கையால் போட்டுப் பார்த்து, 1939 விலையில் 39.93 டொலர் என்று சொல்லியிருந்தார். கோதுமை மா, ரின்பால், கோவா, ஸ்பினாச், காய்ந்த அவரை. அவ்வளவுதான். சிம்பிளெக்ஸ் முறையும் 39.69 டொலர் என்று கிட்டத்தட்ட அதே விடையைத் தந்தது. கணக்குச் சரி. ஆனால் இதையே வருடம் முழுக்க ஆர் தின்பது? ருசியையும் மனிசரின் பழக்கத்தையும் யாரும் அதற்குள் எழுதவில்லை, ஆகவே விடையிலும் அது இல்லை.

2022 இல் எரிபொருளுக்கு கியூஆர் வந்தபோது நாங்களும் இப்படியொரு கணக்குக்குள் வாழ்ந்தோம். தொடக்கத்தில் கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர். நாட்கணக்கில் நின்ற கியூ குறைந்தது, அது உண்மை. ஆனால் அந்தப் பங்கீடு எண்ணியது வாகனத்தை. வேலைக்குப் போய்வர மட்டும் பைக் ஓடுகிறவருக்கும், பைக்கிலேயே சாப்பாடு விநியோகித்துச் சீவிக்கிற பெடியனுக்கும் அதே 4 லீற்றர்தான்.

இன்றைக்கு பஸ் நேரசூசி, ஆஸ்பத்திரிக் கட்டில், கடன் தருவதா இல்லையா என்பது வரைக்கும் இப்படியான கணக்குகள் தீர்மானிக்கின்றன. கணக்குப் பிழையா எண்டு பார்க்கக் கணினி இருக்கிறது. எதைக் குறைக்கிறீர்கள், யாரை எண்ணாமல் விட்டீர்கள் என்று கேட்கிற வேலை எங்களுடையது. அதைக் கேட்கவேண்டிய நேரம் சமன்பாட்டின் முதல் வரி எழுதப்படும்போதுதான்.