ஆற்காடுகள் இரண்டு: 1952 தேர்தலும் விழுப்புரம் – திண்டிவனம் வட்டாரமும்

வடதமிழகத்தின் அரசியலைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். 'சாதி இறுகிய பகுதி, பழமையில் ஊறிய பகுதி, அங்கே வாக்கு இப்படித்தான் விழும்' என்பது அவ்வரி. பழமையில் ஊறியது என்பதை நாம் மறுக்கப் போவதில்லை. 'இப்படித்தான்' என்னும் சொல்லில்தான் நமக்கு ஐயம். அமெரிக்கத் தென்மாநிலங்களைப் பற்றியும் இத்தகைய ஒற்றை வரி ஒன்று உண்டு. ஆயினும் அடுத்தடுத்து அமைந்த ஜார்ஜியாவும் அலபாமாவும் 2020ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிரெதிர் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுத்தன. நம் ஆற்காட்டு மாவட்டங்கள் இரண்டும் இவ்வாறு பிரிந்து நின்ற கதை அதற்கு அறுபத்தெட்டு ஆண்டுகள் முந்தையது.

1952இல் வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் நடந்தது. வன்னியர் பெருவாரியாக வாழும் வடார்க்காடு, தென்னார்க்காடு மாவட்டங்களில் அச்சமூகத்தின் கோரிக்கை ஒன்றே: ஆட்சியிலும் அரசுப் பணியிலும் உரிய பங்கு. கோரிக்கை ஒன்றாயினும் கட்சி இரண்டாயிற்று. தென்னார்க்காட்டில் எஸ். எஸ். இராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி, வடார்க்காட்டில் எம். ஏ. மாணிக்கவேலு நாயகரின் காமன்வீல் கட்சி. முன்னது சட்டமன்றத்தில் 19 இடங்களையும் பின்னது 6 இடங்களையும் பெற்றன. 375 இடங்கள் கொண்ட அம்மன்றத்தில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே என்பதை நினைவில் கொண்டால், இச்சிறு எண்களின் கனம் புரியும். தி.மு.க. அத்தேர்தலில் நேரடியாகப் போட்டியிடவில்லை. திராவிட நாட்டுக் கோரிக்கைக்கு உறுதியளித்த வேட்பாளர்களை ஆதரித்தது. அவ்வாதரவு இவ்விரு கட்சியாருக்கும் கிடைத்தது.

பிரிவினைக்குத் தலைவர்களின் போட்டியைக் காரணம் காட்டுவது வழக்கம். அது பாதி உண்மை. படையாட்சியார் அப்போது முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தவர், கடலூர்க்காரர். மாணிக்கவேலு நாயகர் ஒரு தலைமுறை மூத்தவர், வழக்கறிஞர். மற்றொரு பாதி, எதிரில் நின்றவர் யார் என்பதில் இருப்பதாக நாம் கருதுகிறோம். தென்னார்க்காட்டில் 1949ஆம் ஆண்டு மாவட்டக் கழகத் தேர்தலிலேயே வன்னியர் காங்கிரசை எதிர்த்து நின்று 52 இடங்களில் 22ஐக் கைப்பற்றியிருந்தனர். அம்மாவட்டத்துக் காங்கிரசில் நிலமும் செல்வாக்கும் உடைய பிற சாதியார் முன்வரிசையில் இருந்தனர். எனவே அங்கே கட்சிக்கு 'உழைப்பாளர்' என்ற பெயர் இயல்பாகப் பொருந்தியது. காங்கிரசு எதிர்ப்பு உள்ளூர்ப் பகையோடு கலந்திருந்தது. 'பொதுநலம்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சூடிய வடார்க்காட்டுக் கட்சிக்கு அத்தகைய கூர்மை இல்லை. பெயர்களைக் கொண்டு இவ்வளவு தூரம் செல்லலாமா என்று கேட்போர் அடுத்து நடந்ததைப் பார்க்கட்டும்.

1952 ஏப்ரலில் இராசாசி முதலமைச்சரானதும் மாணிக்கவேலு நாயகர் அமைச்சரானார். திராவிட நாட்டு உறுதிமொழி காற்றில் போயிற்று. படையாட்சியார் அவ்வமைச்சரவையில் சேரவில்லை. 1954இல் காமராசர் முதலமைச்சரான பின்னரே அமைச்சர் பொறுப்பேற்றார். இரு கட்சிகளும் காங்கிரசில் கரைந்தன. இரு தலைவர்களும் ஒரே வாசலுக்குத்தான் வந்து சேர்ந்தனர் என்றாலும், ஒருவர் இராசாசியின் கைபிடித்தும் மற்றவர் காமராசரின் கைபிடித்தும் நுழைந்தது சிறிய வேறுபாடன்று. குலக்கல்வி எதிர்ப்பு கொதித்த இரண்டு ஆண்டுகள் இவ்விரு நுழைவுகளுக்கும் இடையில் கிடக்கின்றன.

தலைவர் போன வழியே தொண்டரும் போனார்கள் என எண்ணிவிடலாகாது. விழுப்புரம் வட்டாரத்தில் உழைப்பாளர் கட்சியின் சார்பில் வென்ற ஏ. கோவிந்தசாமி காங்கிரசுக்குச் செல்ல மறுத்துத் தி.மு.க. பக்கம் வந்தார். உதயசூரியன் சின்னம் அக்கட்சிக்கு இவர் வழியாகவே வந்தது என்பது தி.மு.க. வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. 1967இல் அண்ணாவின் அமைச்சரவையில் வேளாண் துறை இவரிடம் இருந்தது. ஒரே சாதி, ஒரே மாவட்டம், ஒரே கட்சி. இருந்தும் இரண்டு பாதைகள்.

இனித் திண்டிவனம். நாடாளுமன்றத் தொகுதியாக அது இருந்த காலம் முழுதும் எவருக்கும் நிரந்தரமாகக் கட்டுப்பட்டதில்லை. 1952இல் இரட்டை உறுப்பினர் தொகுதியான அதன் இரு இடங்களையும் உழைப்பாளர் கட்சியே வென்றது. 1957இல் சுயேச்சை, 1962இல் காங்கிரசு, 1967இல் தி.மு.க. 1952இல் காங்கிரசை வீழ்த்திய அதே படையாட்சியார் 1980இலும் 1984இலும் காங்கிரசு வேட்பாளராக இங்கிருந்தே தில்லி சென்றார். 1998, 1999 தேர்தல்களில் ம.தி.மு.க.வின் செஞ்சி இராமச்சந்திரன். மருத்துவர் இராமதாசு 1980இல் வன்னியர் சங்கத்தையும் 1989இல் பாட்டாளி மக்கள் கட்சியையும் திண்டிவனத்தில் இருந்தபடியே தொடங்கினார். 1987 செப்டம்பர் சாலை மறியலில் 21 பேர் உயிரிழந்ததும், 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 20 விழுக்காடு இட ஒதுக்கீடு வந்ததும் வாசகர் அறிந்தவையே. எனினும் அக்கட்சி இத்தொகுதியை வென்றது 2004இல் ஒருமுறைதான், அதுவும் தி.மு.க. கூட்டணியில். 2009 முதல் திண்டிவனம் தொகுதியே இல்லை. விழுப்புரம் தனித்தொகுதி அதன் இடத்தில் வந்தது.

அண்மைக்கு வந்தாலும் படம் மாறவில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் விழுப்புரம் மாவட்டத்தின் ஏழு தொகுதிகளில் தி.மு.க. நான்கையும் அ.தி.மு.க. இரண்டையும் பா.ம.க. ஒன்றையும் பெற்றன. திண்டிவனமும் வானூரும் ஒரு பக்கம், விழுப்புரமும் விக்கிரவாண்டியும் மறுபக்கம், நடுவில் மயிலம் தனியே. பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடக்கூடிய தொலைவில் மூன்று சாய்வுகள்.

அப்படியானால் பழமை எங்கே இருக்கிறது? கட்சியில் தேடினால் அது கிடைக்காது என்பதே நம் துணிபு. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த இராமசாமி ரெட்டியார் வள்ளலார் நெறியில் தோய்ந்தவர், கதர் அணிந்த வைதீகர் என்று பிறர் எளிதாக ஒதுக்கிவிடக்கூடிய தோற்றத்தினர். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த அவர் காலத்தில்தான் ஆலய நுழைவுச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் வந்தன. மறுபுறம், 1978 சூலையில் விழுப்புரத்தில் பன்னிரண்டு தலித்துகள் கொல்லப்பட்டபோது, திராவிட இயக்க ஆட்சி அமைந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. வாக்குப்பெட்டி ஒரு கணக்கு. ஊருக்கும் சேரிக்கும் இடையிலான எல்லை வேறொரு கணக்கு. முன்னது ஐந்தாண்டுக்கு ஒருமுறை புரட்டப்படுகிறது. பின்னதை எவரும் எளிதில் தொடுவதில்லை. எல்லாக் கட்சிக்கும் அந்த எல்லையின் இருபுறமும் வாக்கு வேண்டும்.

விழுப்புரம் தனித்தொகுதி 2019இலும் 2024இலும் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் து. ரவிக்குமாரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அவ்விரு தேர்தல்களுக்கும் இடையே, 2023 சூனில், விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்கு அதிகாரிகள் பூட்டி முத்திரையிட்டனர். தலித்துகள் உள்ளே சென்று வழிபடுவது தடுக்கப்பட்டதால் எழுந்த பூசல் அது. ஓமந்தூராரின் சட்டத்துக்கு அப்போது வயது எழுபத்தாறு. தலித் மக்கள் அக்கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டது 2025 ஏப்ரலில், காவலர் சூழ.