இணையவழி முதுகலைப் படிப்பு: சத்தியமங்கலத்தில் அதன் பணிமதிப்பு

வேலையை விடாமல் எம்.ஏ., எம்.காம். படிப்பதைச் சத்தியமங்கலம் வட்டாரத்தில் நடுவயதுக்காரர்கள் இன்றும் ‘கரஸ்ல படிக்கிறேன்’ என்றுதான் சொல்வார்கள். மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி விட்டுச்சென்ற சொல் அது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் வந்தது. 2020-இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிமுறைகளுக்குப் பிறகு, தபாலில் வந்த பாடம் கைபேசிக்கு மாறியது.

இந்த ஊருக்கு அது பெரிய வசதி. பாரதியார் பல்கலைக்கழகம் இருக்கும் கோவை சுமார் 70 கிலோமீட்டர். தாளவாடியில் வேலை பார்ப்பவர் திம்பம் மலைச்சாலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வரவேண்டும். 2022 பிப்ரவரி முதல் அந்தச் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடும் உண்டு. விடியுமுன் மல்லிகை பறிக்கும் வீட்டில், படிப்புக்கு மிஞ்சுவது இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம்தான்.

படிப்பவர்கள் இதன் மதிப்பை அளப்பது, சான்றிதழை யாரிடம் நீட்டப்போகிறோம் என்பதை வைத்து. அரசுப் பள்ளியின் பட்டதாரி ஆசிரியருக்கு இது முதுகலை ஆசிரியர் பதவி உயர்வுக்கான தகுதி. உயர்கல்விக்கு முன்பு கிடைத்த ஊக்க ஊதிய உயர்வு 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதால், அந்த ஆசை கொஞ்சம் வடிந்தது. ஆனாலும் பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது பட்டம் கையில் இருக்க வேண்டுமே!

சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் பார்ப்பது வரிசையை: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, இளங்கலை, அதன் பிறகே முதுகலை. அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற முதுகலை செல்லாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழக அரசும் அதே ஆண்டு ஆகஸ்டில் அரசாணை எண் 107 பிறப்பித்தது. இது தெரியாமல் வருடக்கணக்கில் உழைத்துப் படித்தவர்கள் பட்ட வேதனை சாதாரணமல்ல. சேரும் முன்பே இதைச் சொல்லவேண்டியது கல்வி மையங்களின் கடமை.

தனியார் வேலையில் கணக்கு வேறு. அங்கீகாரம் பெற்ற இணையவழிப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. என்றாலும் ஆளெடுக்கும் நிறுவனத்தை அது கட்டாயப்படுத்தாது. ஆலை மேற்பார்வையாளர் எம்.பி.ஏ.வை இணையத்தில் முடிக்கலாம். பொறியியல் முதுகலைக்கு அந்த வழி கிடையாது. அதற்கு 1996-இல் தொடங்கிய பண்ணாரி அம்மன் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற ஒன்றில் நேரில் போய் உட்காரத்தான் வேண்டும்.